எதையும் வீணாக்காதவரின் டீசல்

மனிதர்களில் ‘எதையும் வீணாக்காதவர்’ என்று ஓர் இனம் உண்டு. இவரைச் சிக்கனக்காரரோடும் கஞ்சரோடும் சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். சிக்கனக்காரர் செலவைக் குறைப்பார். கஞ்சர் செலவே செய்ய மாட்டார். வீணாக்காதவரோ எவ்வளவு செலவானாலும் சரி, ஒரு பொருளை வீணாக விடமாட்டார். ஓட்டை வாளி ஒன்று கிடைத்தால் அதில் செடி வைப்பார், செடிக்கு மண் வாங்குவார், மண்ணைக் கொண்டுவர வண்டி பிடிப்பார், செடி வாடியதும் வாளியைக் கழுவித் துடைத்து வேறெதற்கோ என்று எடுத்து வைப்பார். எதற்கு? அது வாளிக்கும் தெரியாது.

இந்த இனத்தில் முற்றிப் பழுத்த ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. டீசலில் ஓடும் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யலாம், அதை அந்தக் காருக்கே ஊற்றலாம் என்று அவர் எங்கேயோ படித்த நாள் எங்கள் தெருவுக்கு நல்ல நாள் இல்லை. பின் அறையைப் பட்டறையாக்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றி, அதன் மோட்டாரை எண்ணெய் கலக்க எடுத்துக்கொண்டார். கேட்டால், அது சும்மாதானே கிடந்தது என்றார். துணி துவைக்காத நேரத்தில் சும்மாதான் கிடந்தது, உண்மை.

எண்ணெய் எது? அங்கேதான் அவருடைய கொள்கை. புது எண்ணெயில் டீசல் செய்கிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மனிதர் கொதித்துப் போவார். “திங்கற பொருளக் கொண்டுபோய் எஞ்சின்ல ஊத்தறவன் மனுஷனா? கழிவுன்னு ஒண்ணுமே கெடையாதுங்க. கழிவுன்னு நெனக்கற மனசுதான் கழிவு.” இதைச் சொல்லிவிட்டு, நீங்கள் அசந்து போனீர்களா என்று ஒரு தடவை பார்ப்பார். அசரவில்லை என்றால் மறுபடியும் சொல்வார்.

விருந்துக்குக் கூப்பிட்டால் விருந்தாளிகளைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். கோழி வறுக்கும் கடைக்குப் போனால் எல்லோரும் கோழியைப் பார்ப்பார்கள், இவர் சட்டியைப் பார்ப்பார்.

“அண்ணே, வறுத்து முடிச்ச எண்ணெய என்ன பண்ணுவீங்க?”

“எங்க முடிஞ்சுது? இன்னும் ஓடுதே,” என்பார் கடைக்காரர்.

கோழி வறுத்து, மீன் வறுத்து, மறுபடியும் கோழி வறுத்து, இனிமேல் எதைப் போட்டாலும் கரியாகத்தான் வரும் என்ற நிலையில் கடைக்காரர் மனமிரங்கிக் கொடுக்கும் அந்தத் தார்க் குழம்புதான் இவருக்கு அமுதம். அதைக் கேன் கேனாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புது எண்ணெய் சமர்த்துப் பிள்ளை; காஸ்டிக் சோடாவையும் மெத்தனாலையும் சொன்ன அளவில் கலந்து ஊற்றினால் மறுபேச்சில்லாமல் மேலே டீசலாகவும் கீழே கிளிசரினாகவும் பிரிந்து நிற்கும். பழைய எண்ணெய் அப்படியல்ல. எத்தனை தடவை கொதித்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு புளித்துப்போயிற்று என்பதெல்லாம் கேனுக்குக் கேன் மாறும். முதலில் காய்ச்சி அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும். பிறகு கொஞ்சம் எடுத்துச் சொட்டுச் சொட்டாகச் சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப சோடாவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டீசல் வராது, சோப்பு வரும்.

நம்மவர் சோதிப்பாரா? “மோந்து பாத்தே சொல்லிடுவேன்,” என்றார். மோந்தார், சொன்னார், கலக்கினார், சோப்பு வந்தது.

அடுத்த தடவையும் சோப்பு. அதற்கடுத்த தடவை இன்னும் கெட்டியான சோப்பு. இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? வீணாக்காதவர் ஆயிற்றே! கத்தியால் துண்டு போட்டுத் தெருவெல்லாம் கொடுத்தார். எனக்கும் கிடைத்தது. அதில் கை கழுவினால், கழுவிய கையைக் கழுவ இன்னொரு சோப்பு தேவைப்பட்டது.

சிரிக்க முடியாத ஓர் ஆளும் அந்த வீட்டில் இருந்தார், அவர் மனைவி. அந்த அம்மா தையல்காரர். பின் அறை அவருடைய தையல் அறையாகத்தான் இருந்தது. டீசல் உள்ளே வந்ததும் தையல் மெஷின் கூடத்து மூலைக்கு வந்தது. வறுத்த எண்ணெயின் வாடையும் கூடவே வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் உடையைப் பூவேலையெல்லாம் செய்து பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. “அக்கா, இதப் போட்டுக்கிட்டு நின்னா மாப்பிள்ளைக்குப் பசிதான் எடுக்கும்,” என்று அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். இப்படியே போனால் இருக்கிற வாடிக்கையும் போய்விடும் என்று அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. லாரி மெக்கானிக்கான தன் தம்பியைக் கூட்டிவந்து பஞ்சாயத்து வைத்தார். சாட்சிக்கு நானும் போனேன்.

“எனக்கு என் ரூம் வேணும்ங்க.”

“இன்னும் ஒரே ஒரு தடவ. டீசல் வரலேன்னா ரூம் உனக்கு. வந்துட்டா நீ வாயே தெறக்கக் கூடாது.”

“சரி. தம்பி, கேட்டுக்க.”

மறுநாள் ஓர் அதிசயம் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போன மனிதர், கடையிலிருந்து புது எண்ணெய் கேன் ஒன்றையும் ஒரு பை உருளைக்கிழங்கையும் வாங்கிக்கொண்டு வந்தார். “நீ தச்சுத் தச்சுக் களைச்சுப் போயிருப்ப. நான் வறுத்துத் தர்றேன், சாப்பிடு,” என்றார். அந்த அம்மா உருகிப்போய் மதில் மேலாக என் மனைவியிடம், “பாவம்ங்க, மனுஷன் மாறிட்டாரு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாளும் வறுத்தார். உருளை முடிந்து கத்தரிக்காய், கத்தரிக்காய் முடிந்து காலிஃபிளவர். எங்களுக்கும் தட்டுத் தட்டாக வந்தது. முதலில் ஓடிப்போய் வாங்கினோம். பிறகு அவர் தட்டோடு வருவது தெரிந்தால் கதவைச் சாத்தினோம்.

அந்த வாரக் கடைசியில் டீசல் வந்துவிட்டது. கண்ணாடி ஜாடியில் தேன் நிறத்தில், அடியிலிருக்கும் விரல் தெரியும் தெளிவில்! காரில் ஊற்றினார், கார் கிளம்பியது. மனிதருக்கு வாயெல்லாம் பல். மெக்கானிக் மச்சான் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கே மாமா. எந்தக் கடை எண்ணெய்?”

“நம்ம வீட்டு எண்ணெய்தான்.”

“அப்ப புது எண்ணெயா?”

“புது எண்ணெயா! என்னப் பாத்தா அப்படியா தெரியுது? இது வறுத்து முடிச்ச எண்ணெய், மாப்ள. அசல் கழிவு.”

“எதுக்கு வறுத்தீங்க?”

“டீசல் பண்ணத்தான்.”

பொய் சொல்கிறவர் முகத்தில் ஒரு சின்ன நெளிவாவது இருக்கும். இவர் முகத்தில் அதுவும் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம், டீசலும் வந்துவிட்டது. அறை போனது போனதுதான் என்று எனக்கே மனசு கனத்தது.

“நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன்,” என்றார் அந்த அம்மா. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமேலும் இப்படித்தான் பண்ணுவீங்களா?”

“பின்ன? வழி கண்டுபிடிச்சாச்சே.”

“அப்ப தெனமும் வறுக்கணும்.”

“ஆமா.”

“நாங்க இதுக்கு மேல திங்க முடியாது. தெருவும் கதவச் சாத்திடுச்சு. வறுத்ததெல்லாம் வீணாப் போகுமே?”

வீண் என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீணாவா? ஏன், விக்கலாமே!”

“விக்கலாம்தான். ஆனா வாங்க வர்றவங்க பின் ரூம் வரைக்குமா வருவாங்க? அடுப்ப வாசலுக்குக் கொண்டுபோயிடுங்க. அண்டாவும் மோட்டாரும் கார் கொட்டகையில நிக்கட்டும், ஊத்தறதுக்கும் பக்கம்.”

இதில் மறுக்க ஏதாவது இருக்கிறதா? யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் தம்பி தையல் மெஷினைத் தூக்கிப் பின் அறையில் வைத்துவிட்டார்.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் சாயங்காலமானால் கூட்டம். அலுவலகத்திலிருந்து வந்ததும் மனிதர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வறுக்க உட்கார்ந்துவிடுகிறார். “எங்க கார் கழிவுலயே ஓடுது,” என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்கிறார். ஓடுகிறது, வாஸ்தவம். எங்கே ஓடுகிறது என்கிறீர்களா? புது எண்ணெயும் உருளைக்கிழங்கும் வாங்கச் சந்தைக்கு. பின் அறையில் அந்த அம்மா சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே தைக்கிறார்.

சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனிதரா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் சமையலறை அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஐஸ்கிரீம் தீர்ந்ததும் கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் எத்தனை நிற்கின்றன? அதில் ஒன்றாவது, டப்பா நன்றாக இருக்கிறதே என்று ஐஸ்கிரீமோடு வாங்கியதில்லையா? என்றைக்காவது உதவும் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? உதவுகிறதா என்று அடியிலிருக்கும் பெரிய டப்பாவைத் திறந்து பாருங்கள்.

உள்ளே இன்னொரு டப்பா இருக்கும்.