முதல் கோப்பை கோகோவும் என் சிவந்த பற்களும்

ஆக்லாந்து நகரத்து மக்களின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, கொக்கி போட்டு அழுக்கெடுத்து, அவரவர் சிரிப்பை அவரவருக்கே மீட்டுக் கொடுக்கும் மதிப்புக்குரிய லாங்கி அத்தைக்கு, சவாய் தீவிலிருந்து உங்கள் தம்பி மகன் பெனி பணிவுடன் வாய் திறக்கிறேன்.

இங்கே அப்பா நலம், அம்மா நலம், தங்கை மசினா நலம், கொட்டகையில் பன்றிகளும் நலம். என் ஈறுகளின் நலத்தை முதலிலிருந்து ஈறு வரை விளக்கத்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் நலத்தையும் உங்கள் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல். கோபம் மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் படுத்திருந்தால் எனக்கு நல்லது.

விடுமுறைக்கு வந்தபோது எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பாயில் படுக்க வைத்துப் பல்லைச் சுரண்டினீர்கள் அல்லவா, அன்றைக்கு என் கீழ்ப்பல்லிலிருந்து பெயர்த்தெடுத்த காரையைப் பார்த்து, "டேய், இது பல்லாடா, பவளப்பாறையா? அடியில மீன் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் போட்ட அலறலில் கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பி வந்தது. பெரியப்பா லேவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "கூடப் பொறந்த தங்கச்சி கைய என் வாய்க்குள்ள விடறதா? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?" என்று வாசற்படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆனால் காதை மட்டும் மூடவில்லை. அன்று முதல் ஊர்ப் பெரியவர்கள் எங்கே கூடினாலும் என் அலறலை அப்படியே நடித்துக் காட்டுவார். கோவில் மூப்பர் ஒருவருக்கு இவ்வளவு நடிப்புத் திறமை ஆகாது அத்தை.

கிளம்பும் நாளில் நீங்கள் சொன்னது எனக்கு வசனம் போல மனப்பாடம். "இந்த வீட்டுல யாரு பல்லையும் ஈறையும் ஒழுங்கா வெச்சிருக்காங்களோ, அவங்கள கிறிஸ்துமஸுக்கு ஆக்லாந்து கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு ஆளு." நான் கணக்குப் போட்டேன். மசினா அம்மாவை விட்டு வரமாட்டாள். அம்மா பன்றிகளை விட்டு வரமாட்டாள். அப்பா விமானச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் ஓடிவிடுவார். பெரியப்பா வாயே திறக்காதவர். போட்டியே இல்லாத போட்டி! அன்றைக்கே பையில் துணியை மடித்து வைத்துவிட்டேன். பல் தேய்க்கத்தான் மறந்துவிட்டேன்.

வாராவாரம் பல்லைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பினேன். அவை மசினாவின் பற்கள். "முன்பல்லு ரெண்டு எங்கடா?" என்று கேட்டீர்கள். ரக்பியில் போனது என்று பதில் போட்டேன். எனக்காக ஜெபம் செய்ததாக எழுதினீர்களே, அந்த ஜெபம் மசினாவுக்குப் பலித்துவிட்டது. இரண்டு பல்லும் முளைக்கின்றன.

அடுத்து, அந்தச் சிவப்பு மாத்திரைகள். மென்றால் அழுக்குள்ள இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும், சுத்தமான பல்லில் ஒட்டாது என்று சொல்லி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க என்னை ஆசிரியராக்கிவிட்டுப் போனீர்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆசிரியன் நான். "செவப்பு இருந்தா அழுக்கு! இன்னொரு தடவ துலக்கு!" என்று பாட்டே கட்டிக் கொடுத்தேன். தெருவெல்லாம் பாடுகிறார்கள். நீங்கள் விட்டுப்போன பல்லிடுக்கு நூலுருண்டையைத்தான் காணவில்லை. பெரியப்பா வலை தைக்க எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இனி வெள்ளை ஞாயிறு கதை, பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோவிலில் வசனம் சொல்லும் அந்த நாளின் கதை. என் அலறலை ஊருக்கே நடித்துக் காட்டிய வாய்க்குச் சிவப்புச் சாயம் பூசி, மூப்பர் வரிசையில் உட்கார வைத்து அழகு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, கோகோ காய்ச்சி, முதல் கோப்பையில் மாத்திரைகளைப் பொடித்துப் போட்டேன். கோகோவின் கறுப்பில் எந்தச் சிவப்பு தெரியும்? நம் வீட்டில் முதல் கோப்பை யாருக்கு என்று பன்றிக்குக்கூடத் தெரியும். பெரியப்பாவுக்கு. அம்மா வந்து, "இன்னிக்கு உனக்கு ஏன்டா அடுப்படியில வேல? போய் உக்காரு" என்றாள். "பெரியவங்களுக்கு என் கையால செய்யணும்னு ஆசைம்மா" என்றேன். அம்மாவின் கண் கலங்கியது. புகை என்று நினைத்தேன்.

அத்தை, வருடம் முழுக்கப் பெரியவர்கள் சாப்பிட்டு மிச்சம் வரட்டும் என்று காத்திருக்கிறோமே, அந்த வரிசை தலைகீழாக மாறும் ஒரே நாள் அதுதானே! பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள் முதலில் சாப்பிடும் நாள். அந்த ஒரு நாளுக்காக வருடமெல்லாம் காத்திருந்த மடையன், அந்த நாள் வந்தபோது அதையே மறந்துவிட்டேன். பெரியப்பா முதல் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என் முன்னால் மண்டியிட்டார்.

"இன்னிக்கு நீதான் இந்த வீட்டுத் தலைவன். குடி, மகனே."

"இப்பத்தான் பல்லு தேச்சேன், பெரியப்பா."

"நீயா? குடிடா, பொய்யி நெஞ்சுல அடைச்சிக்கும்."

வீடே பார்த்துக்கொண்டிருக்க, தலைவன் குடித்தான். கசடுவரை குடித்தான்.

கோவிலில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தேவதூதனின் தம்பி போலப் போய் நின்றேன். எனக்குக் கொடுத்திருந்தது நாவையும் உதட்டையும் காத்துக்கொள்ளச் சொல்லும் வசனம். நான் உதட்டை மிக நன்றாகவே காத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சொல்லிப் பார்த்தேன். புட்டிக்குள் மாட்டிய வண்டு போலக் கேட்டது. முன்வரிசையிலிருந்து போதகரின் மனைவி, "வெக்கப்படாத கண்ணு, நல்லா வாயத் திறந்து சொல்லு" என்றார். திறந்தேன்.

மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறோரம், இடுக்கு, ஓர் இடம் பாக்கியில்லை. மசினா பாடகர் வரிசையிலிருந்து விரலை நீட்டினாள். "அண்ணா பல்லே தேய்க்கல!" உடனே என் மாணவர்கள் அத்தனை பேரும், நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில், "செவப்பு இருந்தா அழுக்கு! இன்னொரு தடவ துலக்கு!" என்று கைதட்டிப் பாடினார்கள். சபையார் இதை நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு தத்ரூபமாக ஒப்பனை செய்த பையனைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். ஒப்பனையில்லை ஐயா, உற்பத்தி. மாதக்கணக்கில் நானே விளைவித்தது.

நீங்கள் பார்ப்பதற்காக அப்பா தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நம் தீவு இணைப்பு என்றைக்கும் இல்லாத நியாயத்தோடு சரியாக என் வாய் திறந்த நொடியில் உறைந்துவிட்டதாம். அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்களோ தெரியாது. அதற்குப் பிறகு என் ஒரு செய்திக்கும் பதில் இல்லை. அதனால்தான் காகிதத்தில் காலில் விழுகிறேன்.

அன்று முதல் காலையும் இரவும் தேய்க்கிறேன். வட்ட வட்டமாக, ஈறு ஓரத்தில் பூப்போல, நீங்கள் காட்டியபடியே. கொய்யாவைக் கடித்தால் இப்போது ஈறில் இரத்தம் வருவதில்லை, கொய்யா மட்டும்தான் சிவப்பு. குறும்பை விட்டுவிட்டேன். மிச்ச மாத்திரைகளைக் கடலில் கொட்டிவிட்டேன். மீன்கள் கொஞ்ச நாள் வெட்கப்படட்டும். நான் அங்கே வருவது ஊர் சுற்ற மட்டுமல்ல அத்தை. உங்கள் நாற்காலியில் ஒருமுறை அலறாமல் படுத்துக் காட்ட வேண்டும். பெரியப்பா நடித்துக் காட்ட அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சக்கூடாது. பை இன்னும் கட்டியபடியே இருக்கிறது. சொன்ன சொல்லை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆண்டவர் உங்கள் கைக்கு நடுக்கமில்லாமலும், உங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கடிக்கும் புத்தி வராமலும் காப்பாராக. அம்மா அன்பு சொன்னாள். பன்றிகள் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பல் இருந்தும் சொல் இல்லாத
பெனி

பி.கு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மாத்திரைகளைக் கடலில் கொட்டினேன் என்றது உண்மை. எல்லாவற்றையும் அல்ல. இன்று சாதாரண ஞாயிறு, முதல் கோப்பை, மீந்த மாத்திரைப் பொடியோடு, முறைப்படி பெரியப்பாவுக்குப் போனது. குடித்து முடித்து என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். நாக்கு செம்பருத்தி, உதடு செம்பருத்தி. பல் மட்டும் துருவிய தேங்காய். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. "என்னடா முழிக்கிற? அவ உனக்குச் சொன்னதெல்லாம் வாசப்படியில உக்காந்து நானும்தான் கேட்டேன். தங்கச்சி சொல்ல நான் தட்டுவேனா? நூலு எங்கிட்டதான் இருக்கு, தெனம் சமையக்கட்டுக்குப் பின்னால நின்னு இழுக்கறேன். பிளேன் என்னிக்குன்னு அவகிட்ட கேட்டு எழுது. வாய மட்டும் அவ பாக்க வேணாம், கூட வேல செய்யறவங்க யாராச்சும் பாக்கட்டும்" என்றார். இந்த வரியை எழுதும்போது என் துணியெல்லாம் பாயில் கிடக்கிறது, அவர் துணி என் பையில் ஏறுகிறது. பற்பசையை மட்டும் வெளியே எடுத்து என் கையில் வைத்தார். "இது உனக்குத்தான்டா தேவப்படும்."