மன்னிக்கப் போன ஷெர்லின் டீச்சர்

ஷெர்லின் டீச்சர் மன்னிக்கப் போன முதல் வீட்டிலேயே முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார்கள்.

எல்லாம் மடகாஸ்கரால் வந்தது. தென்காசியில் அவள் போகும் சபையிலிருந்து அவளும் சேர்ந்த ஒரு சிறு குழு பத்து நாள் சுவிசேஷ ஊழியத்துக்கு அங்கே போகிறது. விசா வந்தாயிற்று, தடுப்பூசி போட்டாயிற்று. ஆவிக்குரிய ஆயத்தம்தான் பாக்கி என்றார் பாஸ்டர். டீச்சர் உபவாசம் இருந்தாள். முழங்கால் வீங்க ஜெபித்தாள். கடைசிக் கூட்டத்தில்தான் பாஸ்டர் அந்தக் குண்டைப் போட்டார்.

"மனசுல கசப்ப வச்சுக்கிட்டு யாரும் பிளேன் ஏறக்கூடாது. எல்லாரோடயும் சமாதானம் பேசி ஒப்புரவாகிட்டு, ஞாயித்துக்கிழமை சபை முன்னால அதைச் சாட்சியாச் சொல்லணும். முடியாதவங்க அடுத்த வருஷம் போகலாம்."

யார் யார்மேல் கசப்பு என்று டீச்சர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தேதி வாரியாக மனப்பாடம். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு முத்துசெல்வியிடம் போய் நின்றாள்.

"முத்துசெல்வி, நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

முத்துசெல்வி தோசைக்கரண்டியும் கையுமாக விழித்தாள். "எதுக்கு டீச்சர்?"

"எம் மிக்ஸி ஜாரை வாங்கிட்டுப் போயி கீறலோட திருப்பிக் கொடுத்தியே, அதுக்கு."

"நானா? எப்ப?"

"உம் மவன் காதுகுத்துக்கு."

"அவன் இப்ப காலேஜுல்லா படிக்கான்! அம்புட்டு நாளும் இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வருஷா வருஷம் எம் வீட்டு தீவாளி முறுக்கைத் தின்னீகளா?"

"அதத்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்லுதேனே!"

அப்போதுதான் கதவு சாத்தப்பட்டது.

"பாத்தீகளா? மன்னிக்க வந்தவளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி இல்ல!" என்று வீட்டில் வந்து குதித்தாள்.

கணவர் சாம் பேப்பரை மடித்தார். "போன உடனே மன்னிச்சா அப்படித்தான். மொதல்ல சொகம் விசாரிக்கணும். அதுவும் நாலு பேரு இருக்கிற எடமாப் பாத்துப் பேசு. முகத்த முறிக்க மாட்டாங்க."

மறுநாள் யாக்கூப் பாய் துணிக்கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வாசல்வரை நின்றது. நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்தார்கள்.

"பாய், சொகமா இருக்கீகளா? வீட்டுல எல்லாரும் சொகமா?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கோம் டீச்சர். உக்காருங்க."

"சந்தோஷம். எம் மகளுக்குச் சர்ச்சுல திடப்படுத்தல் விசேஷம் நடந்தப்ப நீங்க கொடுத்த சேலை, மொதத் தண்ணியிலயே சாயம் போயி, சாம் வேட்டியெல்லாம் ரோஸ் கலராப் போச்சு. அதை நான் மன்னிச்சுட்டேன்."

கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற வகுப்பறைக் குரல் அது. சிவப்புச் சேலையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அதை மெதுவாகக் கீழே வைத்தாள். "சாயம் போகுமாக்கா?"

"போகும். ஆனா நான் மன்னிச்சுட்டேன்."

இன்னும் மூன்று பேர் சேலைகளைக் கீழே வைத்தார்கள்.

"டீச்சர்," என்றார் யாக்கூப் பாய், கிட்டத்தட்ட அழுகிற குரலில், "இதை போன்ல மன்னிச்சிருக்கக் கூடாதா?"

டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் யோசனை நல்ல யோசனை. அன்று மத்தியானமே சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், யார் பெயரும் சொல்லாமல், நாகரிகமாக ஒரு குரல் செய்தி போட்டாள். "எனக்கு விரோதமா நடந்தவங்க யாருன்னு அவங்கவங்களுக்கே தெரியும். எல்லாரையும் மன்னிச்சுட்டேன். ஆமென்."

பிறகு போன் ஓயவில்லை.

"என்னையத்தான சொன்னீக?" என்று கேட்டவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் இன்னும் மோசம். "நீங்க பாடும்போது சுருதி தப்புதுன்னு நான் சொன்னதை யாரு உங்கட்ட சொன்னது?" என்றாள் சங்கத்துச் செயலாளர். டீச்சருக்கு அப்படியொரு பேச்சு நடந்ததே அதுவரை தெரியாது. பொழுது சாய்வதற்குள், அவள் மன்னிக்க வேண்டியவர்கள் புதிதாக ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டார்கள்.

கடைசியாகப் பாஸ்டர் கூப்பிட்டார். "டீச்சர், இத்தோட நிறுத்திக்கோங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒருத்தரோடயாவது நெசமா ஒப்புரவாகிட்டு வாங்க. போதும்."

"அப்ப பிரின்ஸுதான்," என்றார் சாம்.

பிரின்ஸ் டீச்சரின் கூடப்பிறந்த தம்பி. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறான். அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தி, பெரியம்மா, ஒன்றுவிட்ட மாமா என்று ஊரையே போட்டுவிட்டு, சொந்த அத்தை பெயரை விட்டுவிட்டான். டீச்சர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று முழுதும் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

சனிக்கிழமை குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. லாட்ஜ் வாசலில் தம்பி பெண்டாட்டி ஜெனி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வாங்க மைனி!" பின்னாலேயே பிரின்ஸ் வந்தான். அவள் வாயைத் திறக்கும் முன், "இங்கன ஒரே கூட்டம்க்கா. வா, அருவிப்பக்கம் போயிப் பேசுவோம்," என்று முன்னால் நடந்தான்.

பேரருவி இரைந்து கொட்டியது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் தொண்டையைச் செருமினாள்.

"ஏலே பிரின்ஸு! பத்திரிகையில எம் பேரை விட்டியே, அதை நான் மன்னிச்சுட்டேன்!"

"என்னக்கா?" காதில் கையைக் குவித்தான்.

"மன்னிச்சுட்டேன்!"

"மன்னிக்கணுமா?"

"மன்னிச்சுட்டேங்கேன்லே!"

"அட, இதுக்குப் போயி கெஞ்சுதியே! கல்யாணத்துக்கு வராம இருந்தது தப்புத்தான். நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்க்கா!" என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

தலையில் எண்ணெய் வழிய நின்ற ஓர் ஆள் பக்கத்திலிருந்தவரிடம், "அந்தம்மா எம்புட்டு உருக்கமா மன்னிப்புக் கேக்குது, பாருங்க அண்ணாச்சி," என்றான்.

டீச்சருக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை எரிந்தது. யார் யாரை மன்னிப்பது? தூக்கி வளர்த்த பொடிப்பயல் மன்னிக்கிறானா? அருவியே நிற்கும்படி ஒரு சத்தம் போட மூச்சை இழுத்தாள்.

அப்போதுதான் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. இழுத்த மூச்சு, "சரிலே," என்று மட்டும் வெளியே வந்தது.

லாட்ஜுக்குத் திரும்பியதும் அவன் மகளுக்குப் போன் போட்டான். "அத்தை வந்திருக்கா! மன்னிப்புக் கேட்டுட்டா!"

டீச்சர் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். "ஜெனி, இது அநியாயம்! நான் மன்னிக்க வந்தவ. அருவிச் சத்தத்துல அவன் காதுல தலைகீழா விழுந்திருக்கு. செவிட்டுப் பயகிட்ட என்னத்தப் பேசன்னுதான் விட்டுட்டு வந்தேன்!"

ஜெனி மீன்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, டீச்சர் முன்னால் வைத்தாள்.

"அவுகளுக்கு எல்லாம் நல்லாவே கேட்டுச்சு மைனி. தென்காசி பூரா நீங்க மன்னிச்சுக்கிட்டு வாரீகன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே, 'அக்கா வந்தா நேரா அருவிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்'னு சொல்லிட்டாக."