அப்பிள் மரத்துக்கு நாடி பிடிப்பவர்

அப்பிள் மரத்தைப் பிடிக்கும் பூஞ்சணம், பேன், புழு எல்லாவற்றுக்கும் ஜெர்மன் மொழியில் தடித்த தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அத்தனையிலும் விடுபட்டுப்போன பீடை ஒன்று உண்டு. அது இரண்டு காலில் நடக்கும். சட்டைப் பையில் கத்தரிக்கோல் வைத்திருக்கும். கூப்பிட்டாலும் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும். மர வைத்தியர் என்று அதற்குப் பெயர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, யாராவது வாய்தவறி, "எங்கட மரத்தில இலை சுருளுது" என்று சொல்லிவிட்டால் போதும், நாலு மேசை தள்ளி இருக்கும் அவருடைய காது நிமிர்ந்துவிடும். கோப்பையோடு வந்து நிற்பார். எதையும் கேட்கமாட்டார். "வேரில பிழை" என்பார். மரத்தைப் பார்த்தாரா? எதற்குப் பார்ப்பது? பார்த்தால் சந்தேகம் வந்துவிடுமே! இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தால் சொறி என்பார், அது சரிதான். வெள்ளையாக மாப் படிந்தாலும் சொறி என்பார். பழத்துக்குள் புழு இருந்தால் அது உள்சொறி.

சொந்தமாக மரம் இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். பல்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறார். ஒவ்வொரு குளிருக்கும் அது செத்துப்போகிறது. காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்: மனைவி.

எங்கள் ஹம் நகரத்து மர வைத்தியருக்கு ஜேசுரட்ணம் என்று பெயர். திருகாணித் தொழிற்சாலையில் வேலை. அவர் கையில் கடைசியாக அகப்பட்டது ஸ்ரனிஸ்லாஸின் மரம்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்த அந்தக் கோடையில்தான், ரயில் பாதையோரம் தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் துண்டுக் காணிகளில் ஒன்று, வருடக்கணக்காகக் காத்திருந்த ஸ்ரனிஸ்லாஸுக்குக் கிடைத்திருந்தது. முதல் வருடம் பரீட்சார்த்தம். ஒழுங்காகப் பராமரிக்காவிட்டால் திருப்பி எடுத்துவிடுவார்கள். காணியில் ஒரு குடில், ஒரு அப்பிள் மரம், வாசலில் ஒரு படலை. "இந்த நாட்டில எங்கட எண்டு சொல்ல முதல்முதலா ஒரு படலை" என்று அவர் மனைவி யோகம் அதைத் தினமும் துடைப்பார். யூன் மாதம் மரத்தில் இலை சுருண்டது, பிஞ்சு கொட்டியது. ஸ்ரனிஸ்லாஸ் பயந்துபோய் வைத்தியரை அழைத்தார். அழைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜேசுரட்ணம் ஏற்கனவே பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் மரத்தைச் சுற்றி நடந்தார். விரல் மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளுக்க கோபம்."

"மரத்துக்கோ அண்ணை?"

"பின்ன எனக்கோ?"

யோகம் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, பச்சைப் பேன் மொய்க்குது. எறும்பும் ஏறுது. சவர்க்காரத் தண்ணி அடிச்சாக் காணாதோ?"

"தங்கச்சி, மரம் என்ன உடுப்போ, தோய்க்க? ஊரில மாமரம் பூக்காட்டி என்ன செய்யிறது? புகை போடுறது. மாவெண்டா என்ன, அப்பிளெண்டா என்ன? பிஞ்சு கொட்டுறதைப் பாத்தா நாவூறும் இருக்கு, ஆரோ கண் வைச்சிட்டினம். ரெண்டையும் ஒண்டாச் செய்வம். செத்தல் மிளகாய் கொண்டாங்கோ."

மரத்தடியில் ஈரப் புல், காய்ந்த சருகு, பழைய காட்போட் பெட்டி, அதன் மேல் இரண்டு கை செத்தல் மிளகாய், கடைசியில் ஒரு தீக்குச்சி. ஞாயிறு பின்னேரம், பக்கத்துக் காணிகளில் ஜெர்மன்காரர்கள் கொடி கட்டிய குடில்களின் முன்னால் கோப்பியும் கேக்குமாக அமர்ந்திருந்த நேரம். முதல் இருமல் ஸ்ட்ரோபெரிப் பாத்திப் பக்கம் கேட்டது. பிறகு எல்லாப் பக்கமும் கேட்டது. அடுத்த காணிக்காரரும் தோட்டச் சங்கத் தலைவருமான ஹெர் லிண்டமான் கண்ணீர் வழிய வந்து நின்றார். யோகம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் தட்டை நீட்டினார். அவர் ஒன்றைத் தின்றார், இருமினார், இன்னொன்றைத் தின்றார், போய்விட்டார்.

பச்சைப் பேன்கள் இருமவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜேசுரட்ணம் நோயாளியைப் பார்க்க வந்தார். தாழ்ந்த கிளைகளெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தன. தான் மூட்டிய நெருப்பின் சாம்பலைக் கவனமாகத் தாண்டிப்போய்க் கிளையைப் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஃபொயர்பிராண்ட்!"

கிளைகள் தீயில் வெந்ததுபோல் கருகிப்போகும் தொற்றுநோய் அது. கண்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், மரத்தை வெட்டி எரிக்கவும் வேண்டிவரலாம் என்று சங்கத்துப் பலகையில் படத்தோடு ஒட்டியிருந்தார்கள். தமிழில் கத்தியிருந்தால் ஒரு குருவியும் திரும்பியிராது. அவர் ஜெர்மனில் கத்தினார். வேலிக்கு அப்பால் செடி வெட்டிக்கொண்டிருந்த லிண்டமானின் கத்தரிக்கோல் நின்றது. சங்கத் தலைவர் காதில் விழுந்தால் அறிவிக்காமல் இருக்கமுடியாது.

அரசாங்க வாகனம் ஒன்று வாசலில் வந்து நின்றால் நம்மவர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். செய்யாத குற்றமெல்லாம் ஞாபகம் வரும். இங்கே செய்த குற்றமே இருந்தது. வந்த பெண் அதிகாரி கருகிய கிளையைத் திருப்பினார், முகர்ந்தார், பலமாகத் தும்மினார். பிறகு குனிந்து பாதி எரிந்த மிளகாய் ஒன்றை எடுத்தார்.

"இங்கே நெருப்பு மூட்டியது யார்?"

யோசித்துப் பாருங்கள். நோய் என்றால் மரம் போகும். நெருப்பு என்றால் காணியே போகும், ஏனென்றால் தோட்டத்தில் தீ மூட்டுவது சங்க விதிப்படி குற்றம். ஸ்ரனிஸ்லாஸ் காலால் சாம்பலை மறைக்கப் பார்த்தார். யோகம் படலையைப் பிடித்துக்கொண்டார். ஜேசுரட்ணம் மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்தார்.

ஹெர் லிண்டமான் தொண்டையைச் செருமினார். "கிரில் போட்டார்கள்."

"மரத்துக்கு அடியிலா?"

"மழை பெய்தது."

"இந்த மிளகாய்?"

"இறைச்சிக்கு. நானும் சாப்பிட்டேன்."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அன்றே நெருப்பைக் கண்டும், ரோல்ஸைத் தின்றுவிட்டுப் பேசாமல் போன தலைவர் அவர். வேறென்ன சொல்வார்? அதிகாரி மிளகாயைக் கீழே போட்டார். இந்த நாட்டில் எதையும் தடை செய்யலாம், கிரில்லைத் தடை செய்ய யாராலும் ஏலாது. தீர்ப்புச் சொன்னார்: நோய் இல்லை, வெறும் சூடு. பேனுக்குச் சவர்க்காரத் தண்ணீர். எறும்பு ஏறாமலிருக்க அடிமரத்தில் பசைப் பட்டி. தாங்கமுடியாத பிஞ்சுகளை யூனில் மரமே உதிர்த்துவிடும், அதற்கு வைத்தியம் வேண்டாம்.

வாகனம் போனதும் யோகம் படலையைப் பிடித்தபடியே அழுதுவிட்டார்.

"பாத்தியளோ?" என்றார் ஜேசுரட்ணம். "நான் கத்தாட்டி அந்த மனிசி வந்திருக்குமோ?" சொல்லிவிட்டு வேலியால் எட்டி, லிண்டமானின் பேரி மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மிளகாய் போட்ட இடத்தில், "சீ, வேப்பெண்ணெய் அல்லவா அடிச்சிருக்கோணும்" என்று மனதுக்குள் சொன்னவர் யார்? ஹம் பக்கம் வந்தால் ஸ்ரனிஸ்லாஸ் தோட்டத்துக்கு அவசியம் போங்கள். அந்த மரம் இப்போது நன்றாகக் காய்க்கிறது. பழத்தைப் பறிக்கலாம், கடிக்கலாம். இலையை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

கை துறுதுறுக்கிறதா? அதுதான் முதல் அறிகுறி.