குப்பைத் தொட்டி கேட்ட கேள்வி

பெரியப்பா ஒன்று சொல்வார். ஆபீஸில் 'வேண்டாம்' என்றவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, 'சரி' என்றவனைத்தான்... என்று போகும். மிச்சம் ஞாபகமில்லை. அவரே முடிக்காமல் விட்டாரோ என்னவோ.

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸ். 2001-ல் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம் வைத்து, மாலை போட்டார்கள். இனிச் சான்றிதழ்கள் அதிலிருந்து மட்டுமே வழங்கப்படும் என்று உத்தரவும் ஆயிற்று.

மூன்றாம் வருஷம், ஹோட்டல் தொழிலாளி தாசையன் குடியிருப்புச் சான்றிதழ் கேட்டு வந்தார். மகளுக்கு நர்சிங் நேர்முகம், இருபது நாளில். டைப்பிஸ்ட் பாகீரதி அடித்து முடித்தாள். சேமிக்க இடமில்லை என்றது கம்ப்யூட்டர். சேமிக்காததை அச்சடிக்கலாகாது என்றது விதி.

ரிப்பேர் பார்க்க வந்த செல்வின் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்தான். கம்ப்யூட்டருக்குள்ளிருக்கும் குப்பைத் தொட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். காலி செய்யப் போனால், 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று இங்கிலீஷில் ஒரு கேள்வி வரும். மூன்று வருஷமாக எல்லோரும் 'இல்லை'யை அழுத்தியிருக்கிறார்கள்.

"நிச்சயம்னு நான் எப்படிச் சொல்றது? நான் டைப்பிஸ்டாக்கும்," என்றாள் பாகீரதி.

செல்வின் 'ஆம்' பக்கம் விரலைக் கொண்டுபோனான். சூப்பரிண்டெண்ட் நாகேஸ்வரன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேள்வி ஆபீஸைக் கேட்டதாக்கும் ஓய். நீர் வெளியாள்."

கேள்வி தாளில் பெயர்த்தெழுதப்பட்டு, எண்ணிடப்பட்டு, தக்க மேல்நடவடிக்கைக்காக மேலாபீஸ் போயிற்று. மேலாபீஸ் இரண்டு விளக்கம் கேட்டது: மேற்படி கேள்வி எந்தத் தேதியில் எழுப்பப்பட்டது? ஏற்கெனவே அளித்த 'இல்லை' எந்த முகாந்திரத்தில் திரும்பப் பெறப்படுகிறது? பதில்கள் பழைய டைப்ரைட்டரில் அடித்து அனுப்பப்பட்டன. என் சான்றிதழையும் அதிலேயே அடித்துத் தரக்கூடாதா என்றார் தாசையன். உத்தரவைக் காட்டினார்கள்.

தினமும் வந்து நின்று திட்டினார். "ஒரு பட்டன அமுக்க இத்தன பேருக்கும் தைரியம் இல்லியா ஸாரே? எங்க ஹோட்டல்ல எச்சில் இல எடுக்கவன் யாருட்ட கேட்டு எடுக்கான்?"

நேர்முகத்துக்கு முந்தின நாள் மேலாபீஸ் பதில் வந்தது. பயனடையும் பொதுஜனம் எவரும், முழுப் பொறுப்பும் தம்மையே சாரும் என்று எழுதிக் கொடுத்து, 'ஆம்' அழுத்திக்கொள்ளலாம்.

நாகேஸ்வரன் முதல் தடவையாகத் தாசையனுக்கு நாற்காலி போட்டார். "உக்காருங்கோ. ஒரு கையெழுத்து, ஒரு பட்டன். சான்றிதழ் இப்பவே கையில."

தாசையன் திரையைப் பார்த்தார். "உள்ள என்ன கெடக்கு ஸாரே?"

"அது தெரியாது. தெரிஞ்சா நாங்களே அழுத்தியிருக்க மாட்டோமா?"

"எல்லாம் வேண்டாத சாமானந்தான் அண்ணே," என்றான் மறுபடி வரவழைக்கப்பட்டிருந்த செல்வின்.

"நீ எழுதித் தருவியா, தம்பி?"

செல்வின் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்துக் கட்டினான்.

பாகீரதி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். தாசையன் அதை வாங்கி, 'வீட்டில் கலந்தாலோசித்துப் பதில் தெரிவிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.