முதுகில்லாத பொம்மை

பாரிவாக்கத்தில் அன்று கிணற்று மேட்டில் இருந்தவர்கள்: நிலத்துக்காரர், அவர் மச்சான், கூலிக்கு மண் வெட்டிய என் அப்பா, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான். இல்லாதவர்: அச்சு.

அச்சு என்பது அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் பட்டப்பெயர். ஆவடியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. உலகத்தில் எல்லாமே அச்சில் அடித்ததுதான் என்று நம்பிய ஒரே மனிதர். ஓட்டலில் இட்லியைத் திருப்பிப் பார்த்து, "ஓரத்துல பிசிறு கீதுபா, தேச்சு எடு" என்பார். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "உன் அச்சேதான் அண்ணாத்தே, மூக்காண்ட மட்டும் மண்ணு சரியா எறங்கல" என்று சொல்லி, பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்.

அறுபதுகளின் கடைசி. வெட்டிய மண்ணில் அப்பாவுக்கு ஒரு சுட்டமண் பொம்மை கிடைத்தது. உள்ளங்கை அளவுப் பெண். பெரிய கொண்டை, காது நிறையத் தோடு. பின்பக்கம் வெறும் குழி. நிலத்துக்காரர் வாங்கித் திருப்பினார்.

"முதுகு எங்கடா? உள்ள தங்கம் இருந்துச்சா? பாதியை வித்துட்டியா?"

"இப்டியேதான் கெடச்சுதுங்க."

"சாயங்காலத்துக்குள்ள முதுகு வரணும். இல்லாட்டி போலீஸ்."

நான் சரித்திரப் பாடத்திலிருந்து ஒரு பத்தி ஒப்பித்தேன். அதில் முதுகைப் பற்றி ஒன்றுமில்லை. சைக்கிளை ஆவடிக்கு விட்டேன்.

அச்சு வந்தார். குழிக்குள் கட்டைவிரலை வைத்தார். "அச்சுல மண்ணை வெச்சு இப்டி அமுக்கிக்கீறான். வெரல் தடம் பாரு. இதுக்கு முதுவே கெடையாது."

"உன் பேச்சை யார் நம்புறது?"

முந்தின நாள்தான் பிள்ளையார் சதுர்த்தி. யாரும் தடுப்பதற்குள் அச்சு பக்கத்திலிருந்த நிலத்துக்காரர் வீட்டுக்குள் போய், இன்னும் கரைக்காத களிமண் பிள்ளையாரைத் தூக்கிவந்து திருப்பினார். தட்டை, நடுவில் யாரோ அமுக்கிய விரல் தடம்.

"வருசா வருசம் கும்புடறியே, இவுரு முதுவ எவன் வித்தான், சொல்லு!"

மச்சான்தான் முதலில் சிரித்தார். நிலத்துக்காரர் அப்பாவிடம், "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார். பிள்ளையாரின் தும்பிக்கை அச்சுவின் கையோடு வந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தோம். வீட்டுக்குள் அழுகை.

அச்சு பூந்தமல்லிக்குப் போய் வேறு பிள்ளையார் வாங்கிவந்தார். அப்பா நீட்டிய காசைத் தொடவில்லை.

பிற்பாடு அந்தப் பொம்மையைப் பார்த்த தொல்லியல் அதிகாரி ஒருவர், ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியது, அச்சில் அழுத்திச் செய்தது என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க அவருக்கு அரை நாள் ஆயிற்று.

என் அப்பா திருடனில்லை என்று நிரூபிக்க ஆன மொத்தச் செலவு ஒன்றேகால் ரூபாய். அதுவும் அச்சு போட்டது.