டப்பாவைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

டப்பாவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் ஒரு ரகம். அதைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பசி, அவ்வளவுதான். நான் அறிமுகப்படுத்த விரும்புவது இரண்டாம் ரகத்தை. உங்கள் காலனியில் கட்டாயம் ஒருவர் இருப்பார். தில்லியில் எங்கள் ஜனக்புரி பிளாக்கில் இருப்பவர் பெயர் ஜோதிலிங்கம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஆசையாக முறுக்கு டப்பாவை நீட்டுவீர்கள். அவர் இரண்டு முறுக்கை எடுத்துத் தட்டில் வைப்பார், மூடியைப் போடுவார், டப்பாவைத் தலைகீழாகத் திருப்புவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடிப்பாகத்தில் எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும் முக்கோணத்தைத் தேடுவார். முக்கோணத்துக்குள் ஐந்து என்று இருந்தால் முகம் மலரும். "அச்சா! பாலிப்ரொப்பிலீன்!" என்பார், பேரன் பாஸான செய்தி கேட்டவர் போல. முறுக்கு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மூடி நன்றாக இருந்தது என்பார்.

பொதுத்துறை பெட்ரோகெமிக்கல் நிறுவனம் ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். நிறுவனம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் எங்களுக்குக் கொடுக்கவில்லை. போன வருடம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். என் முகத்தைப் பார்த்தாரா? நர்ஸ் கையிலிருந்த ஊசிக்குழலைப் பார்த்தார். "பாலிப்ரொப்பிலீன்தாங்க, நீங்க கவலையே படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். அதற்கு முன்பு நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கவில்லை.

அவர் மனைவி பொன்னி பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், குறைவாகப் பேசுகிறவர். வேறு வழியில்லை. ஒருநாள் நல்லெண்ணெயும் பெருங்காயமும் வாங்கி வரச் சொல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து மனிதர் வெறுங்கையோடு திரும்பினார். கடையிலிருந்த பெருங்காய டப்பாக்களை வரிசையாகக் கவிழ்த்துப் பார்த்ததில் கடைக்காரர் பொறுமை இழந்து, "அங்கிள்ஜி, வாங்குறதுன்னா வாங்குங்க, உல்டா மத் கரோ, கவிழ்க்காதீங்க" என்று தமிழும் ஹிந்தியுமாகக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். அன்றைய சாம்பாரில் பெருங்காயம் இல்லை. விளக்கம் இருந்தது.

விளக்கம் எப்படி இருக்கும் என்கிறீர்களா? நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள், ஆனாலும் கிடைக்கும்.

"ஆபீஸ் நேரத்துல மெட்ரோ ஏறுறோம்னு வச்சுக்கங்க. எல்லாரும் பையை வலது தோள்லயே மாட்டியிருந்தா ஒட்டி ஒட்டி, அடுக்கி வச்ச மாதிரி நிக்கலாம். பாலிப்ரொப்பிலீன் அப்படித்தாங்க. நீளச் சங்கிலி. ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில ஒரு சின்னப் பை தொங்குது. பையெல்லாம் ஒரே பக்கம் இருந்தாத்தான் சங்கிலிங்க நெருங்கி அடுக்கா நிக்கும், உறுதி வரும். ஆளுக்கொரு பக்கம் மாட்டினா? கொழகொழன்னு பிசின். அதுல நாற்காலி செஞ்சா உக்காரலாம், எந்திரிக்க முடியாது."

இந்த இடத்தில் நீங்கள் சிரித்தால் போச்சு. சிரிப்பை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். பிறகு மருந்து அத்தியாயம் தொடங்கும். வெறும் பிளாஸ்டிக் ஒன்றுக்கும் உதவாது; வெயிலைத் தாங்க ஒரு மருந்து, உருக்கும்போது கருகாமல் இருக்க ஒன்று, கண்ணாடி போலத் தெரிய ஒன்று, தில்லிக் குளிரில் விறைத்து நொறுங்காமல் இருக்க வேறொரு சரக்கைக் கலக்க வேண்டும், விலையைக் குறைக்கச் சுண்ணாம்புப் பொடி போடலாம், ஆனால் அளவோடு போட வேண்டும், அந்த அளவு என்னவென்றால்... அளவைச் சொல்வதற்குள் நமக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். வராவிட்டால் வரவழைத்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சரியான விஷயத்தைச் சொன்னால் யார் காதில் விழும்?

போன ஏப்ரலில் எங்கள் தமிழர் நலச் சங்கத்துக்கு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். வாங்கியவர் செயலாளர் சேஷு. மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவர். கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பூமி சுற்றுவதுகூட முறைப்படி நடக்கிறது என்று நம்புகிறவர். ஜோதிலிங்கம் வழக்கம்போல ஒரு நாற்காலியைக் கவிழ்த்தார். அடியில் எண்ணே இல்லை. கையால் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்குங்க."

"கனமா இருந்தா ஸ்ட்ராங்னு அர்த்தம் சார்" என்றார் சேஷு.

"இல்லீங்க. பாலிப்ரொப்பிலீன் லேசா இருக்கணும். இதுல சுண்ணாம்பை அள்ளிப் போட்டிருக்கான். வெயில் மருந்தும் போட்ட மாதிரி தெரியலை. இதை மொட்டைமாடியில வச்சீங்கன்னா, வெயிலு சங்கிலியைத் துண்டு துண்டா..."

அதற்குள் டீ வந்துவிட்டது. நாற்காலிகள் மொட்டைமாடிக்குப் போயின. மே, ஜூன் இரண்டு மாதமும் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அடுக்கியபடியே நின்றன.

ஜனவரியில் பொங்கல் வந்தது. சரியாக அதற்கு இரண்டு நாள் முன்பு, தில்லிப் புகை ஜோதிலிங்கத்தின் தொண்டையைப் பிடித்தது. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலனியில் எல்லோரும் பரிதாபப்பட்டோம். எவ்வளவு பரிதாபப்பட்டோம் என்றால், பார்த்த இடத்திலெல்லாம் அவரை நிறுத்தி நாங்களே பேசினோம்.

பொங்கலன்று காலை நாலு டிகிரி குளிர். சர்க்கரைப் பொங்கல் எப்போதும் சந்திரம்மாள் பொறுப்பு. வருமான வரி அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். இருபத்திரண்டு வருடமாகச் சங்கத்துக்குப் பொங்கல் வைக்கிறவர். ஐந்து மணிக்கே வந்து, மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி, நூறு பேருக்குக் கிண்டி இறக்கிவிட்டு, அப்பாடா என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சடாரென்று ஒரு சத்தம். நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் ஒடிந்தன. சந்திரம்மாள் மல்லாந்து விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கொஞ்சம் பருமனானவர். அது போதாதா? யாரோ 'க்ளுக்' என்றார்கள். பிறகு பலர். நானும் சிரித்தேன், மறைப்பானேன். சேஷு அனுதாபத்தோடு, "மேடம், கொஞ்சம் பாத்து உக்காரணும். பிளாஸ்டிக் எவ்வளவுதான் தாங்கும் பாவம்?" என்றார். பாவம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சந்திரம்மாள் வீங்கிய கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் கிண்டிய பொங்கலை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டோம்.

எல்லோரும் போன பிறகு ஜோதிலிங்கம் மட்டும் ஒடிந்த கால்களைப் பொறுக்கி, மஃப்ளரில் சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்தேன். மனிதர் வாய் திறந்து திறந்து மூடியது. காற்றுதான் வந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து அதே மொட்டைமாடியில், காலைக் குளிரில் செயற்குழு கூடியது. முதல் தீர்மானம், 'சில உறுப்பினர்களின் வசதிக்காக' ஓர் இரும்பு நாற்காலி வாங்குவது. யார் அந்தச் சிலர் என்று எழுதவில்லை, நாகரிகம். அந்த நேரம் பார்த்துச் சந்திரம்மாள் வந்தார். உட்காரவில்லை. பாத்திர அலமாரியின் சாவியைச் சேஷு முன்னால் வைத்தார்.

"அடுத்த வருஷத்துக்கு வேற யாரையாவது பாத்துக்கங்க சார். எனக்கு இனிமே முடியாது."

"என்ன மேடம் இது, சின்ன விஷயத்துக்கு..." என்று சேஷு தொடங்குவதற்குள் படியில் தடதடவென்று சத்தம். ஜோதிலிங்கம் ஒரு கையில் தண்ணீர் வாளியோடு வந்தார். பின்னால் பொன்னி, அவர்கள் வீட்டு பால்கனி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

வாளியை நடுவில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். மேலே வந்து மிதந்தது. ஒடிந்த நாற்காலிக் காலிலிருந்து ஒரு துண்டைப் போட்டார். மூழ்கி அடியில் போய்ப் படுத்தது. எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"சரி, மூழ்கறது. அதனால?" என்றார் சேஷு. "நாற்காலியை நாம தண்ணியிலயா போடப் போறோம்?"

எல்லோரும் சிரித்தோம். ஜோதிலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. முப்பத்தோரு வருடப் படிப்பு மொத்தமும் தொண்டைக்குழியில் வந்து நின்று கதவைத் தட்டுவது வெளியே தெரிந்தது. பேச முடிந்திருந்தால் அன்று மெட்ரோவிலிருந்து தொடங்கியிருப்பார். நாங்களும் டீ சொல்லியிருப்போம்.

பேச முடியவில்லை. நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு விறுவிறுவென்று போனார். சங்கத்து நாற்காலி ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே கையை விட்டார்.

தரையில் பட்டு மூன்று துண்டானது.

காலி நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்றை எடுத்தார். விட்டார். அதுவும் உடைந்தது. பிறகு தன் வீட்டு நாற்காலியையும் அதேபோலத் தூக்கி, கையை விட்டார். அது துள்ளி, சேஷுவின் காலடியில் வந்து நின்றது. பொன்னி மட்டும் அமைதியாகச் சொன்னார், "இதுவும் பால்கனி வெயில்ல கிடந்ததுதான். வாங்கி ஒம்போது வருஷம் ஆச்சு."

ஜோதிலிங்கம் உடைந்த துண்டின் மேல் கட்டைவிரலைத் தேய்த்தார். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. அந்த விரலைச் சந்திரம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

சந்திரம்மாள் விரலைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார்.

"அப்ப... என்னால இல்லையா?"

ஜோதிலிங்கம் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டினார்.

"பதினஞ்சு நாளா ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திக்கிட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மாள். சிரிக்கத்தான் நினைத்தார் போலிருக்கிறது. குரல் பாதியில் உடைந்தது. "ஆபீஸ்லகூட உக்காரும்போது முதல்ல கையை ஊன்றிப் பாத்துட்டுத்தான் உக்கார்றேன்."

சேஷு எழுந்தார். சர்க்கார் பழக்கம் அவ்வளவு எளிதில் போகுமா? "கொள்முதல்ல ஒரு குறைபாடு நேர்ந்திருக்கறதா..." என்று ஆரம்பித்தார். சந்திரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சேஷு நடுவில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, "தப்பு என் பேர்லதான் மேடம். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கப்படாது. மன்னிச்சுடுங்கோ" என்றார். அவர் வாழ்க்கையில் கையெழுத்தில்லாமல் முடித்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். இரும்பு நாற்காலித் தீர்மானத்தைப் பென்சிலால் அடித்தார். சாவியைச் சந்திரம்மாள் பக்கமாகத் தள்ளினார். அவர் அதை உடனே எடுக்கவில்லை. ஜோதிலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார் இப்படி ஆகுது? முதல்லேருந்து சொல்லுங்க."

நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆறு வருடமாகக் கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்ன மனிதரிடம் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். சொல்லக் குரல் இல்லை. கண் கலங்கிவிட்டது. பொன்னி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அன்று ஜோதிலிங்கம் தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில், படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஐந்து பக்கம் எழுதினார். சந்திரம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஐந்தையும் படித்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டார். பிறகுதான் சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இருவரும் வாளியும் கையுமாக, சங்கத்து நாற்காலி வாங்கிய கடைக்குப் போனார்கள். "அரே, பானி மே க்யூ டால் ரஹே ஹோ?" என்று கடைக்காரர் அலறினாராம். தண்ணீரில் ஏன் போடுகிறோம் என்பதைச் சந்திரம்மாள் வருமான வரிக் குரலில், கடைக்கு வந்திருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி விளக்கியிருக்கிறார். முதல் அத்தியாயம் முடிவதற்குள் எல்லா நாற்காலியையும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார் மனிதர். புது நாற்காலிகள் லேசாக இருக்கின்றன.

பிப்ரவரியில் ஜோதிலிங்கத்துக்குக் குரல் திரும்பியது. மூன்று வாரத்துப் பாக்கியையும் சேர்த்துப் பேசுகிறார். நாங்கள் மறுபடியும் அவசர வேலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தேடுகிறோம்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'ஐயோ, நானும் ஒரு ஜோதிலிங்கமோ' என்று நீங்கள் பயப்படலாம். வேண்டாம், அதற்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பொருத்தமான இனம் வேறொன்று இருக்கிறது: ஒன்றுமே தெரியாமல், சத்தம் கேட்ட மாத்திரத்தில் காரணம் தெரிந்துவிடுகிற இனம். அன்று மொட்டைமாடியில் சிரித்தவர்கள் நாங்கள் நாற்பது பேர். இன்னும் இடம் இருக்கிறது. நாளைக்கு உங்கள் பால்கனியில் துணி உலர்த்தும்போது ஒரு க்ளிப் பட்டென்று ஒடியும். அப்போது அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பாருங்கள். அந்தக் கைக்குரியவரிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறீர்கள் என்று, தயவுசெய்து, நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள்.