மின்சார இஸ்திரிப்பெட்டியும் ஹாஜியாரின் கோட்டும்

கட்டுக்கலை, கண்டி.
நவம்பர், 1934

கண்ணியமிக்க மச்சான் ஜவாஹிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் உங்கள் சுகமும் வியாபாரமும் மேலோங்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே உடம்புக்குச் சுகம். மனம்தான் இருந்த இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது.

நீங்கள் அனுப்பிய மின்சார இஸ்திரிப்பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உள்ளறை பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் அதன் வயரை மாட்டுகிறோம். நேற்று மாலை அக்குறணையிலிருந்து மீராலெப்பை ஹாஜியாரும் மனைவியும் தங்கள் மகனுக்கு நம் மகள் றமீலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வழியில் மழை பிடித்து ஹாஜியாரின் கறுப்புக் கோட்டு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. உங்கள் தங்கை ருக்கியா சும்மா இருந்திருக்கலாம். "கழட்டித் தாங்க ஹாஜியார், நம்மட ஊட்டுல கரண்ட் பெட்டி ஈக்கிது, இப்பவே காய வச்சுத் தாறேன்" என்று வாங்கிப்போய்த் தேய்த்துக்கொண்டிருக்கையில் இடி இடித்துக் கரண்ட் போய்விட்டது. பெட்டியைக் கோட்டின் மேல் அப்படியே வைத்துவிட்டு விளக்கேற்ற ஓடிவந்தவள், பிறகு வட்டலப்பம் பரிமாறும் அவசரத்தில் அதை மறந்தே போனாள். கரண்ட் திரும்பியதும் முன்னறை பளிச்சென்றது. ஹாஜியாரின் மனைவி றமீலாவின் முகத்தை நன்றாகப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. உள்ளறையில்தான் பல்ப் இல்லையே, அங்கேயும் கரண்ட் வந்தது யாருக்குத் தெரியும்?

"ஏதோ கருகுற மணம்" என்றார் ஹாஜியார்.

"குசினியில இறைச்சி அடிப்புடிச்சீக்கும்" என்றேன் நான்.

புகை வந்த பிறகுதான் ஓடினோம். கோட்டின் முதுகில் பெட்டியின் வடிவத்திலேயே ஓர் ஓட்டை. ஹாஜியார் அதற்குள் கையை விட்டு விரல்களை அசைத்துப் பார்த்தார். கோபித்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். "யோசிச்சுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லி, அதையே போட்டுக்கொண்டு, முதுகில் வெள்ளைச் சட்டை தெரிய நடந்துபோனார். றமீலா சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை. ருக்கியா என்னோடு பேசவில்லை. நானோ எழுந்தெழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடாக இருக்கிறதோ என்று. ஆகையால் கடிதம் கண்டதும் ரயிலேறி வந்து, பெட்டியையும் பல்புகளையும் வயரையும் கழற்றிக் கொழும்புக்கே கொண்டுபோய்விடுங்கள். எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கே போதும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். அனைவரையும் அல்லாஹ் காப்பானாக, விசேஷமாக மழைநாட்களில்.

இப்படிக்கு,
சாஹுல் ஹமீது

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஹாஜியாரின் மனைவியே வந்துவிட்டார். "அந்தக் கோட்ட எத்தன கலியாண ஊட்டுக்குப் போட்டுட்டாரு, நான் சொல்லி ஒருநாளும் கேக்கல்ல. உங்கட பெட்டிதான் கழட்ட வச்சிச்சு. றமீலா எங்களுக்குத்தான்" என்று ருக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். றமீலாவின் கதவு திறந்துவிட்டது. நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். வரும்போது இன்னொரு இஸ்திரிப்பெட்டி கொண்டுவாருங்கள். ஹாஜியாரின் தொப்பியும் சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம்.